தடிமனான சிரிப்புப் புத்தகம் வேண்டும்

சிரிப்புப் புத்தகங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாகமலை புதுக்கோட்டையில் இருபத்தாறு வருடம் டைப்பிங் கடை வைத்திருந்தவள் நான். ஆய்வு மாணவர்கள் கையால் எழுதிக் கொண்டுவருவதை அடித்து, பிழை பார்த்து, அட்டை போட்டுக் கொடுப்பேன். நகைச்சுவையைப் பற்றிய ஆய்வேடு மட்டும் அப்படி நாலைந்து என் கையில் வந்திருக்கும். சிரிப்பு எத்தனை வகை, ஒவ்வொரு வகைக்கும் எத்தனை உட்பிரிவு என்று முந்நூறு பக்கம் ஓடும். அடித்து முடிக்கும்வரை ஒருமுறைகூட எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. நான் விரும்பிப் படித்ததெல்லாம் வேறு ரகம். கதையில் ஒருவராவது செத்தால்தான் அது நல்ல நாவல் என்று நினைக்கிற ஆள் நான்.

சிரிப்புப் புத்தகம் என் தம்பியின் சொத்து. சின்ன வயதில் நாங்கள் ஆரப்பாளையத்தில் குடியிருந்தபோது, பக்கத்துச் சந்தில் ஒரு பாய் வாடகை நூலகம் நடத்தினார். சனிக்கிழமை சனிக்கிழமை ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்து வருவோம். நான் அழுதுகொண்டு படிப்பேன். அவன் குப்புறப் படுத்துக்கொண்டு தனியாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே அவன் முதுகில் பலமுறை அடித்திருக்கிறேன்.

இப்போது அவனுக்கு நாற்பத்தொன்பது வயது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறான். மூன்று வருடமாக அவனுடைய சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலையில் நாலு மணி நேரம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பூ வியாபாரமும் காலையில்தான் என்பதால் அவன் மனைவி கடையில் நிற்கிறாள். நான் அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று போய் நின்றேன். சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். அவன் மனைவியுடையதும் சேரவில்லை. பெயரைப் பதிந்துவிட்டு யாரோ முகம் தெரியாதவர் வீட்டுத் துக்கத்துக்காகக் காத்திருக்கிறோம். எவ்வளவு கேவலமான காத்திருப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போன் அடித்தால் ஓடிப் போய் எடுக்கிறேன்.

போன் திரையைப் பார்த்தால் அவனுக்குக் குமட்டும். வார்டில் ஓடும் டிவியில் எப்போதும் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். "எதையாச்சும் வாசிச்சுக் காட்டுக்கா. அழுகாச்சி வேணாம்" என்று அவன்தான் கேட்டான். அப்படித்தான் ஐம்பத்தேழு வயதில் நான் சிரிப்புப் புத்தகம் வாங்க ஆரம்பித்தேன்.

ஒரு புத்தகம் சிரிப்பு வரவழைக்கிறதா இல்லையா என்று அந்த வார்டைப் போலத் துல்லியமாக வேறு எங்கும் சொல்ல முடியாது. தம்பியின் இடது கையில் இரண்டு தடித்த ஊசி குத்தி டியூபோடு இணைத்திருப்பார்கள். கை கொஞ்சம் அசைந்தாலும் மெஷின் கூவும். அவன் நிஜமாகச் சிரித்தால் தோள் குலுங்கும், கை அசையும், அலாரம் அடிக்கும். உடனே டெக்னீஷியன் பெண் ஓடிவந்து பட்டனை அமுக்கிவிட்டு என்னைத்தான் முறைப்பாள். "அக்கா, அண்ணன் கைய ஆட்டாமச் சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் படிங்கக்கா" என்பாள். அப்படிப்பட்ட புத்தகங்கள் ஏராளமாக இருக்கின்றன. நான் வாங்கியதில் முக்கால்வாசி அந்த ஜாதிதான்.

முதலில் துணுக்குத் தொகுப்புகளைச் சொல்கிறேன். டாக்டரும் நோயாளியும், நர்ஸும் நோயாளியும், ஆபரேஷன் தியேட்டரும் பிணவறையும். இவை இல்லாமல் தமிழில் துணுக்குப் புத்தகமே போட முடியாதா? வாங்கும்போது எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. பத்துக் கட்டில் போட்ட டயாலிசிஸ் வார்டில் உட்கார்ந்து, ஆபரேஷனுக்குப் போனவர் திரும்பி வராத ஜோக்கைச் சத்தமாக வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் படுத்திருப்பார். எங்களுக்கு முன்பிருந்தே வருகிறவர். அவர் கண்ணைத் திறக்காமலே, "இதெல்லாம் சளி இருமலுக்கு மேல எதையும் பாக்காதவன் எழுதுனது, தங்கச்சி" என்றார். அதைவிட நல்ல விமர்சனத்தை எந்த ஆய்வேட்டிலும் நான் அடித்ததில்லை.

அடுத்து புருஷன் பெண்டாட்டி ஜோக்குகள். மனைவி பூரிக்கட்டையை எடுப்பாள், புருஷன் கட்டிலுக்கு அடியில் ஒளிவான். அதே பூரிக்கட்டையை வைத்து இருநூறு பக்கம் ஓட்டுகிறார்கள். நான் வாசித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் என் தம்பி மனைவி மார்க்கெட்டில் மல்லிகை மூட்டையைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஆறாவது பக்கத்தில் தம்பி "போதும்க்கா" என்றான். கோபமாகக்கூட இல்லை. வெட்கப்பட்டவன்போல இருந்தது அவன் குரல்.

எங்கள் பேச்சை வைத்து எழுதுகிறவர்கள் இன்னொரு கூட்டம். மதுரைக்காரன் வாயைத் திறந்தாலே சிரிப்பு என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ! பத்து வரிக்கு ஒரு "அண்ணே", கையில் ஒரு அரிவாள், அதுவும் பேச்செல்லாம் தப்புத் தப்பாக. மேடைப் பேச்சைச் சுருட்டிப் புத்தகமாகப் போட்டிருப்பார்கள், அது இன்னும் மோசம். அந்தப் பேச்சை நேரில் கேட்டால் நான்கூடச் சிரித்திருப்பேன். அச்சில் அது நேற்று வைத்த ரசம்போலக் கிடக்கிறது. குண்டாக இருப்பவர், திக்கிப் பேசுகிறவர், கறுப்பாக இருக்கும் கல்யாணப் பெண், இவர்களை வைத்து எழுதியதையெல்லாம் வாசிக்காமலே புரட்டிவிட்டேன். சின்ன வயதில் இவற்றுக்கு நானும் சிரித்திருக்கிறேன் என்பதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தி எடுத்தது காபி. தமிழில் சிரிப்புக் கதை எழுதியவர்கள் அத்தனை பேரும் காபியில் மிதந்திருக்கிறார்கள். கதாநாயகன் எழுந்ததும் காபி, விருந்தாளி வந்தால் காபி, சண்டை முடிந்தால் காபி. என் தம்பிக்கு ஒரு நாளைக்கு மொத்தமே நாலு டம்ளர் தண்ணீர்தான் கணக்கு. அதற்கு மேல் குடித்தால் காலும் முகமும் வீங்கி மூச்சு முட்டும். நாக்கு வறண்டு கிடக்கிறவன் முன்னால் நுரை ததும்பும் காபியைப் பக்கம் பக்கமாக எப்படி வாசிப்பது? அதனால் காபி வரும் இடத்திலெல்லாம் "வெற்றிலை போட்டார்" என்று மாற்றி வாசித்தேன். நாலு பக்கம் போனதும் கண்டக்டர் கேட்டார். "ஏந்தங்கச்சி, இந்த ஆளு பல்லு வெளக்குனதும் வெத்தல போடுறாரு, ஆபீசுல வெத்தல போடுறாரு, பச்சப் புள்ளைக்கும் ஆத்திக் குடுக்குறாருங்கிற. வெத்தலய எப்புடி ஆத்துவாரு?"

மெஷின் கூவியது. தம்பி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "அது காபிக்கா. எனக்குத் தெரியும், நீ வாசி" என்றான். அந்த வருடம் வாங்கிய பதினோரு புத்தகங்களில் அலாரம் அடித்தது மூன்று முறைதான். அதில் ஒன்று இது. ஆசிரியருக்கு இதில் பங்கில்லை.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டாவது மணி நேரத்தில் அவனுக்கு பி.பி. இறங்கிவிட்டது. கெண்டைக்காலில் குரக்களி இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினான். நானும் டெக்னீஷியன் பெண்ணும் ஆளுக்கொரு காலைப் பிடித்து அமுக்கினோம். எல்லாம் அடங்கியபின் என்னைக் கூப்பிட்டான். "யக்கா, எனக்குப் போதும். நிறுத்திக்கிறேன்" என்றான்.

நிறுத்தினால் எத்தனை நாள் என்று அந்த வார்டில் எல்லோருக்கும் தெரியும். பத்து நாளோ பதினைந்து நாளோ. நான் திட்டினேன், அழுதேன், அவன் மனைவி முகத்தைச் சொன்னேன். அவன் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். கடைசியில், சந்தையில் பேரம் படியாதவள்போல, "கையில ஒரு புத்தகம் பாதில நிக்கிது. அதையாவது முடிச்சுக்கிருவோம்டா" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அவன் திரும்பிப் பார்த்தான்.

"சரி. ஒரு புத்தகம். இது வேணாம், நல்லதாப் பாத்து வேற எடுத்துட்டு வா. அது முடியிற வரைக்கும் வாரேன். முடிஞ்சதும் என்னைய விட்ரணும்."

மறுநாளே நான் ஆரப்பாளையத்துக்குப் போனேன். பாயின் நூலகம் மூடி வருடக்கணக்காகிவிட்டது. அதே சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மிஞ்சிய புத்தகங்கள் மாடி அறையில் கிடந்தன. "பாய், சிரிப்புப் புத்தகம் வேணும். நல்லாத் தடியா இருக்கணும்" என்றேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தடியா வேணும்னா அழுகுற புத்தகம்தாம்மா இருக்கும். சிரிப்பெல்லாம் சன்னமாத்தான் எழுதுவாங்க. அம்புட்டு நேரம் யாரால சிரிக்க வைக்க முடியும்?"

அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. மாடியில் மதியம்வரை தேடினேன். எண்பது பக்கம், நூறு பக்கம். அதிலும் அறுபதாம் பக்கத்தில் எழுதியவருக்கு மூச்சு வாங்கியிருக்கும்; மீதிப் பக்கத்துக்கு ஆச்சரியக்குறிகளைப் போட்டு நிரப்பியிருப்பார். அழுகிற புத்தகங்கள் செங்கல் செங்கலாக அடுக்கியிருந்தன. வாழ்நாள் முழுக்க நான் தேடித் தேடிப் படித்தவை. எட்டி உதைக்கலாம்போல இருந்தது.

கடைசியில் ஒன்று கிடைத்தது. முன் அட்டை இல்லை, பெயர் இல்லை, எழுதியவர் யாரென்று தெரியவில்லை. கடைசியிலும் சில பக்கங்கள் இல்லை. நூற்று முப்பத்தாறாம் பக்கத்தில் பாதி வாக்கியத்தோடு நின்றிருந்தது. முடிவில்லாத புத்தகம்! கடவுளே எனக்காகக் கிழித்து வைத்ததுபோல அதை மார்போடு சேர்த்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

கதை இதுதான். ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, கூட வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறார். எதிரும் புதிருமாக இரண்டு மண்டபங்கள். தப்பான மண்டபத்துக்குள் நுழைந்து, பந்தியில் உட்கார்ந்து, இட்லி பொங்கல் எல்லாம் சாப்பிட்டு முடித்தபிறகுதான் இது வேறு யாருடைய கல்யாணமோ என்று தெரிகிறது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் எழுந்து போயிருப்பான். இவர் நம்ம ஆள். கை நனைத்துவிட்டு அப்படியே எழுந்து போனால் நன்றாக இருக்குமா என்று ஐந்து நிமிடம் நிற்கிறார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீடு என்று நினைக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைக்கிறார்கள். பொறுப்பான முகமாக இருக்கிறதே என்று யாரோ ஸ்டோர் ரூம் சாவியை அவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் ஸ்டோர் ரூம் சாவி வைத்திருப்பவர் எங்கே நகர முடியும்? தேங்காய்க்கு அவர், சர்க்கரைக்கு அவர், தாம்பூலப் பைக்கும் அவர்தான்.

இதை எழுதியவர் ஒரு இடத்திலும் தானே சிரிக்கவில்லை. யாரையும் மட்டம் தட்டவில்லை. அந்த மனுஷர் படும் பாட்டை மட்டும், கூடவே நின்று பார்த்தவர்போலச் சொல்லிக்கொண்டு போகிறார். சிரிப்புப் புத்தகத்தைப் பற்றி என் அபிப்பிராயம் மாறியது இங்கேதான். மனுஷன் மரியாதைக்காகப் படும் கஷ்டம் அளவுக்குச் சிரிப்பானது வேறொன்றும் இல்லை. முதல் நாளே மெஷின் இரண்டு முறை கூவியது. கண்டக்டர் தன் கட்டிலை எங்கள் பக்கம் நகர்த்திப் போடச் சொன்னார். "தங்கச்சி, மெதுவா வாசி, ஒரு வார்த்த விட்ராத" என்றார்.

மெதுவாகத்தான் வாசித்தேன். ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம், பிறகு ஆறு, பிறகு நாலு. எவ்வளவு இழுத்தாலும் பக்கம் குறைந்துகொண்டேதான் வந்தது. நூறாம் பக்கத்தைத் தாண்டியதும் பயத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று. அப்போதுதான் அந்தத் திருட்டு வேலையை ஆரம்பித்தேன். நானே எழுதினேன். வீட்டில் உட்கார்ந்து மூன்று மூன்று தாளாக அடித்து, புத்தகத்துக்கு நடுவில் செருகிக்கொண்டு போய், புத்தகத்தில் இருப்பதுபோலவே வாசித்தேன்.

சிரிப்பு எழுதுவது எவ்வளவு கொடுமையான வேலை என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. முந்நூறு பக்க ஆய்வேட்டை ஒரே வாரத்தில் அடித்தவள், மூன்று பக்கத்துக்கு மூன்று நாள் தவித்தேன். சாக வைப்பது சுலபம், ஒரே வரியில் முடிந்துவிடும். ஒரு ஆளை மண்டபத்தை விட்டு வெளியே விடாமல், அதுவும் படிப்பவனுக்குச் சலிக்காமல் வைத்திருப்பது உயிர் போகிற வேலை. மாப்பிள்ளையின் அக்காவைச் சந்தனம் கொடுத்து வரவேற்கவில்லை என்று ஒரு சண்டை மூட்டினேன். நாதஸ்வரக்காரரைக் கோபித்துக்கொண்டு போக வைத்தேன். எல்லாம் சப்பென்று இருந்தது. இரண்டு பக்கத்துத் தாய்மாமனும் வர முடியாமல் போக, இரண்டு வீட்டாரும் குமாஸ்தாவையே பிடித்து உட்கார வைத்து, அவர் இரண்டு தலைப்பாகையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு மேடையில் விழிக்கிறார் என்று ஒன்று எழுதினேன். அதற்கு மெஷின் கூவியது. அன்று வீடு திரும்பும்வரை எனக்குத் தலைகால் புரியவில்லை. நூற்று முப்பத்தாறு பக்கத்தை ஐந்து மாதத்துக்கு ஓட்டினேன்.

அந்த ஐந்தாவது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கண்டக்டருக்கு உடம்பு சரியில்லை. முகம் உப்பியிருந்தது. நான் புத்தகத்தை மூடியபோது, "தங்கச்சி, அந்தாளு தப்பிச்சானா இல்லையா? அத மட்டும் சொல்லிரு" என்று கேட்டார். தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். தப்பித்தார் என்று சொன்னால் கதை முடிந்துவிடும். "செவ்வாய்க்கிழம பாப்போம்ண்ணே" என்றேன்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டதாம். டெக்னீஷியன் பெண் என் காதோடு சொன்னாள். தம்பிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று நான் வாசிக்கவில்லை. செத்துப்போகப் போகிற மனிதர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். என் பேராசையில் அதற்குக்கூடப் பதில் சொல்லாமல் விட்டேன். "தப்பிச்சுட்டார்ண்ணே" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் புதன்கிழமை. புரட்டிப் புரட்டிப் புத்தகம் நைந்துபோயிருந்தது. நடுவில் ஒரு தாள் கையோடு வந்துவிட்டது. பசை தடவி ஒட்டலாம் என்று அதை விளக்கருகில் பிடித்தபோது, தையலுக்குள் மறைந்திருந்த ஓரத்தில் மை தெரிந்தது. வரிசையாக மூன்று புள்ளிகள்.

பாயின் நூலகத்தில் புத்தகம் எடுத்த எல்லா வீட்டிலும் ஒரு பழக்கம் உண்டு. படித்த புத்தகத்தையே திரும்பவும் எடுத்துவிடக் கூடாது என்று, ஏதாவது ஒரு பக்கத்தில் ஆளுக்கு ஒரு அடையாளம் போட்டுவைப்பார்கள். சிலர் பக்க எண்ணைச் சுழிப்பார்கள், சிலர் ஒரு எழுத்துப் போடுவார்கள். என்னுடையது இருபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். தம்பி மட்டும் தன் அடையாளத்தை யாரும் பார்க்க முடியாத இடத்தில், தாளை விரித்துத் தையலை ஒட்டிப் போடுவான். மூன்று புள்ளி.

அவன் இந்தப் புத்தகத்தைச் சின்ன வயதிலேயே படித்திருக்கிறான். எது புத்தகத்தில் இருக்கிறது, எது நான் இட்டுக்கட்டியது என்று முதல் நாளிலிருந்தே அவனுக்குத் தெரியும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது. முடிவு தெரிந்த புத்தகத்துக்காக அவன் வரவில்லை என்றால் வேறு எதற்காக வந்தான்?

வெள்ளிக்கிழமை ஊசி குத்தி முடித்ததும் அந்தத் தாளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"கண்டுபிடிச்சுட்டியா?"

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ என்னத்த வாசிப்ப? நா வராட்டா நீ வீட்டுல உக்காந்து ஒப்பாரி வைப்ப. இங்கன வந்தா ராணி மாதிரி சேரப் போட்டு உக்காந்து வாசிக்கிற. அதான் வந்தேன்."

"அலாரம் அடிச்சுச்சே, அதும் நீயா வேணும்னு ஆட்டுனதா?"

"ஒண்ணு ரெண்டு நாந்தேன் ஆட்டுனேன்" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அந்த ரெண்டு தலப்பாவுக்கு நெசமாவே சிரிப்பு வந்துச்சுக்கா."

நான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஐந்து மாதமாக அவன்தான் வாரம் இரண்டு முறை இரண்டு ஊசியைத் தாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதற்கு மேல் அவனிடம் எதைக் கேட்பது? கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கண்டக்டர் கிடந்த கட்டிலைப் பார்த்தேன். ஆனாலும் சொன்னேன்.

"எங்கிட்ட இருக்குறதுல கடைசிப் பக்கம் இல்ல. உனக்குத்தான் தெரியுமே, முடிவ நீயே சொல்லிரு. நா உன்னைய இனிமே இழுத்துப் பிடிக்கல."

புத்தகம் முடிந்தால் அவனை விட்டுவிட வேண்டும் என்பதுதான் பேச்சு. அவனுக்கும் புரிந்தது. மெஷினில் தன் ரத்தம் சுற்றுவதைப் பார்த்தான். பிறகு, "இன்னைக்கு அசதியா இருக்குக்கா. செவ்வாய்க்கிழம சொல்றேன்" என்றான்.

செவ்வாய்க்கிழமைவரை பொறுக்க முடியவில்லை. அவன் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் ஏதாவது செய்து தள்ளிப்போடலாம் என்று என் திருட்டுப் புத்தி மறுபடியும் கிளம்பிவிட்டது. சனிக்கிழமை பாயிடம் ஓடினேன். இதே புத்தகம் இன்னொரு பிரதி இருக்கிறதா, கடைசிப் பக்கங்கள் எப்போது கிழிந்தன என்று கேட்டேன்.

"கிழியலம்மா. எங்கிட்ட வரும்போதே இல்ல. பழைய பேப்பர் கடையில மூட்டையா எடுத்ததுல வந்துச்சு, அட்டையும் கெடையாது, முடிவும் கெடையாது. வாசிச்சவங்க அத்தன பேரும் வந்து என்னையத் திட்டிட்டுப் போவாங்க" என்றார் பாய். பிறகு சிரித்தார். "உங்க தம்பி ஒருத்தர் வருவார்ல, சின்னப் பையனா? அவர்தான் ரொம்ப சண்ட போட்டார். முடிவு எங்கே, முடிவக் குடுத்தாத்தான் புத்தகத்தத் தருவேன்னு ரெண்டு வாரம் கையிலயே வச்சிருந்தார்."

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுவரை நடந்து வந்தேன். பஸ்கள் வந்து வந்து போயின. எதிலும் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். வழக்கமாக நான் போய்க் கெஞ்சிக் கிளப்ப வேண்டும். வார்டில் எடை பார்த்தார்கள், ஊசி குத்தினார்கள், மெஷின் ஓட ஆரம்பித்தது. டெக்னீஷியன் பெண் என் வெறுங்கையைப் பார்த்து, "என்னக்கா, இன்னைக்குப் புத்தகம் இல்லையா?" என்றாள்.

"இன்னைக்கு நாந்தேன் சொல்றேன்" என்றான் தம்பி.

நூற்று முப்பத்தாறாம் பக்கத்தின் கடைசி வரியை நான் அவனுக்கு வாசித்துக் காட்டியதே இல்லை. குமாஸ்தா எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு மண்டப வாசலுக்கு வருகிறார். சாவியை எடுத்து நீட்டுகிறார். பெண்ணின் அப்பா, என்று பாதியில் நிற்கும் அது. தம்பி சரியாக அங்கிருந்துதான் ஆரம்பித்தான். அதற்கு மேல் உலகத்தில் ஒரு எழுத்தும் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

"பொண்ணோட அப்பா," என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். நெற்றியைச் சுருக்கினான். மூன்று பக்கத்துக்கு மூன்று நாள் தவித்தவள் நான். அந்த முகத்தை எனக்குத் தெரியாதா? வலது கையால் போர்வையை நெருடிக்கொண்டே யோசித்தான். "பொண்ணோட அப்பா சாவிய வாங்கிக்கல" என்றான்.

"ஏன்?"

"அதச் சொல்லணும்னா நெறய இருக்கு" என்றான். "மிச்சம் வெள்ளிக்கிழம."

நான் சரி என்றேன். நடுவில் புதனும் வியாழனும் இருந்தன.